நாளும் திகதியும்

காரைதீவிற் பிறந்து இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த விபுலாநந்த அடிகளார், 1947 யூலை 19ஆந் திகதி இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர்தம் வாழ்நாட் பெருமுயற்சியாகிய யாழ்நூல் அரங்கேறி அப்பொழுது ஆறு வாரமளவே கழிந்திருந்தது. அதே நாளில், வங்கக் கடலின் மறுகரை நாட்டின் இரங்கூன் நகரில், பர்மிய விடுதலை இயக்கத்தின் தலைவர் ஆங் சான் ஆலோசனைக் கூட்டத்தில் அமர்ந்திருக்கையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆண்டுதோறும் யூலை 19ஐ அந்நாட்டார் தியாகிகள் தினமாகப் போற்றுகின்றனர். நம் ஊர்ப் பாடசாலைகளில் அன்று அடிகளாரின் படத்துக்கு மாலை சூட்டுகின்றோம். நோயுற்று மறைந்த துறவிக்கும் குண்டுபட்டு வீழ்ந்த அரசியற் றலைவருக்கும் தொடர்பு யாதும் இல்லை. எனினும் இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்துக் கேட்கும் ஒருவரின் உள்ளம், அவற்றிடையே ஏதோ ஓர் இழை ஓடுவதாக எண்ணத் தலைப்படுகின்றது.

இவ்வியல்பு தீங்கற்றது எனத்தான் யானும் நெடுங்காலம் கருதியிருந்தேன். ஒரு மாணவியின் வினா அக்கருத்தை மாற்றிற்று. ஆண்டிறுதி விடுமுறைக்கு முந்திய வாரத்தில், வரலாற்றுப் பாடத்தின் நடுவே அவள் எழுந்து, "சேர், டிசம்பர் இருபத்தாறு கூடாத நாளா?" என்று கேட்டாள். அவளுடைய அம்மம்மாவை 2004ஆம் ஆண்டிற் பாண்டிருப்பிலே கடல் கொண்டுபோயிற்று. அவரை அவள் படத்தில் மாத்திரமே கண்டவள். 2003 டிசம்பர் 26இல் ஈரான் நாட்டின் பாம் நகரம் பூமியதிர்ச்சியால் தரைமட்டமாயிற்று என்றும், சரியாக ஓராண்டு கழித்து அதே திகதியிற் கடல் பொங்கிற்று என்றும், ஆதலால் அத்திகதியிற் கடற்கரைக்குப் போகலாகாது என்றும் வீட்டார் அவளுக்குச் சொல்லியிருந்தனர். வகுப்பில் எவரும் நகைக்கவில்லை. யானும் அன்று செவ்வையான விடை கூறினேனல்லேன். இக்கட்டுரை அவ்விடையைக் காலந்தாழ்த்தியேனும் கூற முயல்கின்றது.

முதற்கண், திகதி என்பது யாது? அது நாளன்று; நாளுக்கு நாம் இட்ட பெயர். கல்முனைக் கடைத்தெருவிற் புத்தாண்டுக்கு இனாமாகக் கொடுக்கும் நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்துப் பார்ப்போர்க்கு இவ்வுண்மை எளிதிற் புலனாகும். நடுவே பெரிய எழுத்தில் ஆங்கிலத் திகதி இருக்கும். அதன் கீழே தமிழ் மாதமும் நாளும், திதியும் நட்சத்திரமும் இராகுகாலமும் இருக்கும். மறுபுறத்தில் ஹிஜ்ரி மாதமும் பிறையும் இருக்கும். போயா தினமாயின் தாள் சிவந்திருக்கும். ஒரே பகற்பொழுதுக்கு இத்தனை பெயர்கள்! இவற்றுள் ஆங்கிலத் திகதி ஞாயிற்றை மட்டும் பற்றியது. ஹிஜ்ரி திங்களை மட்டும் பற்றியது. நம் பஞ்சாங்கமோ இரண்டையும் ஒருங்கே பிடித்துக்கொண்டு செல்வது. ஞாயிறு ஓர் இராசியினின்று மற்றோர் இராசிக்குப் புகுவதால் மாதம் பிறக்கின்றது. திங்கள் ஞாயிற்றை விட்டுப் பன்னிரண்டு பாகை விலகுந்தோறும் ஒரு திதி கழிகின்றது.

இவற்றைத் தம்முட் குழப்பும் வழக்கமொன்று ஈழத்தமிழராகிய நமக்கே சிறப்பாக உண்டு. சனவரியைத் தை என்றும், ஒகஸ்டை ஆவணி என்றும், டிசம்பரை மார்கழி என்றும் எழுதிவிடுகின்றோம். உண்மையான மார்கழி டிசம்பரின் நடுப்பகுதியிற் பிறப்பது. பழைய உறுதி ஒன்றிலோ கடிதத்திலோ 'மார்கழி 5' எனக் காணின், அது டிசம்பர் 5ஆ, அன்றி டிசம்பர் 20ஐ ஒட்டிய நாளா என ஐயுற வேண்டியிருக்கின்றது. காணி வழக்குகளில் இவ்வையம் எத்துணைத் தொல்லை விளைக்கும் என்பதை வழக்கறிஞர் அறிவர்.

எந்த நாட்காட்டியைக் கையிற் கொள்கின்றோமோ அதற்கேற்பவே எந்நாள் எந்நாளுடன் ஒத்துவருகின்றது என்பதும் அமையும். நல்லைநகர் ஆறுமுக நாவலர் 1879 டிசம்பர் 5ஆந் திகதி சிவபதமடைந்தார். அரவிந்தர் மறைந்தது 1950 டிசம்பர் 5; எழுத்தாளர் கல்கி மறைந்தது 1954 டிசம்பர் 5; தென்னாபிரிக்காவின் நெல்சன் மண்டேலா மறைந்தது 2013 டிசம்பர் 5. ஆங்கிலத் திகதிப்படி இந்நால்வரையும் ஒரு வரிசையில் நிறுத்திவிடலாம். ஆனால் சைவ உலகம் நாவலர் குருபூசையைக் கார்த்திகை மாதத்து மக நட்சத்திரத்திலன்றோ கொண்டாடுகின்றது? அம்மக நாள் ஓராண்டில் நவம்பரிலும் மற்றோராண்டில் டிசம்பரிலும் வரும். நாட்காட்டியை மாற்றிய அளவில் அவ்வரிசை கலைந்துபோகின்றது.

நம் முன்னோர் நாளொற்றுமையை அறியாதவரல்லர். அப்பர் சுவாமிகளுக்குச் சித்திரைச் சதயம், சம்பந்தருக்கு வைகாசி மூலம், மாணிக்கவாசகருக்கு ஆனி மகம் என்று வரும் வரிசையில், ஆடிச் சுவாதி மட்டும் சுந்தரர்க்கும் சேரமான் பெருமாள் நாயனார்க்கும் பொதுவாகும். தோழர் இருவரும் யானையின் மீதும் குதிரையின் மீதும் ஒருசேரக் கயிலை சென்றனர் என்பது வரலாறாதலின், அவ்வொற்றுமைக்குக் காரணம் உண்டு. காரணமுள்ள ஒற்றுமையையும் காரணமற்ற ஒற்றுமையையும் பிரித்தறிதலே இங்கு வேண்டப்படுவது.

திகதி ஒன்றாயிருந்தும் நாள் வேறாயிருத்தலும் உண்டு. ஆங்கில மகாகவி சேக்ஸ்பியரும் இசுப்பானிய நாட்டுப் பேரெழுத்தாளர் செர்வாந்தேசும் 1616 ஏப்ரில் 23இல் இறந்தனர் எனப் பல நூல்களிற் காண்கின்றோம். யுனெஸ்கோ நிறுவனம் 1995இல் அத்திகதியை உலகப் புத்தக தினமாகவும் அறிவித்தது. ஆனால் அவ்விருவரும் ஒரே நாளில் இறந்தவரல்லர். பழைய யூலியன் நாட்காட்டி ஆண்டொன்றுக்கு 365¼ நாள் எனக் கொண்டது. உண்மை ஆண்டு 365.2422 நாள். ஆண்டுக்குப் பதினொரு நிமிட அளவான இச்சிறு மிகை பல நூற்றாண்டுகளிற் பெருகிப் பத்து நாளாயிற்று. அதனைத் திருத்தப் பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகரி 1582இல் ஒக்டோபர் 4க்கு அடுத்த நாளை ஒக்டோபர் 15 என ஆணையிட்டார். இசுப்பெயின் உடனே இணங்கிற்று. இங்கிலாந்தோ 1752 வரையும் இணங்கவில்லை. எனவே சேக்ஸ்பியர் இறந்த ஏப்ரில் 23, இசுப்பெயினில் மே 3 ஆகும். போதாக்குறைக்குச் செர்வாந்தேசு இறந்தது 22ஆந் திகதி என்றும், 23 அடக்கம் செய்த நாளே என்றும் ஆராய்ச்சியாளர் கூறுவர். உலகம் முழுவதும் கொண்டாடும் ஒற்றுமை இவ்வளவினதே! ஆயினும் புத்தக தினம் நல்ல தினந்தான். அதை நிறுத்த வேண்டுவதில்லை.

இனி டிசம்பர் 26க்கு வருவோம். 2003இற் பாம் நகரை அழித்த அதிர்ச்சி விடியற்காலையில், மக்கள் உறங்குகையில் நிகழ்ந்தது. மண்கல்லாற் கட்டிய பழைய வீடுகள் இடிந்து வீழ, இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். 2004இற் சுமாத்திராவின் வடமேற்குக் கடலடியில், எமது அன்றைய கடிகாரப்படி காலை ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில், 9.1 அளவான அதிர்ச்சி தோன்றிற்று. எழுந்த அலைகள் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நம் கீழ்க்கரையை அடைந்தன. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில் என்று நீளும் இக்கரையில் ஊர்களுக்கு இடையே வெளி என்பதே இல்லை. கடலை ஒட்டி வீட்டுக்கு வீடு நெருங்கிய குடியிருப்பு. இலங்கையில் மாண்டவரும் காணாமற்போனவருமாக முப்பத்தையாயிரவர்க்கு மேற்பட்டோரில், பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தினர். எந்த மாவட்டமும் இவ்வளவு பேரை இழக்கவில்லை.

இவ்விரு பேரழிவுகளும் ஒரே திகதியில் என்பது உண்மை. ஒரே நாளிலோ எனின், நம் பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும். 2003 டிசம்பர் 23 அமாவாசை. ஆகவே பாம் நகரம் அழிந்த நாள் மூன்றாம் பிறையை ஒட்டிய வளர்பிறை நாள். கடல் பொங்கிய நாளோ முழுநிலாப் போயா தினம். திதியாற் பார்க்கின் இரண்டும் வெவ்வேறு நாட்கள். பழி திகதிக்கன்று, பௌர்ணமிக்கே என்பாரும் உளர். அவர்கள் 1883 ஒகஸ்ட் 27ஐ நினைக்க வேண்டும். கிரகத்தோவா எரிமலை வெடித்து எழுந்த கடற்கோள் யாவா, சுமாத்திராக் கரைகளில் முப்பத்தாறாயிரம் பேரைக் கொன்று, தளர்ந்த அலையாக இலங்கைக் கரையையும் தொட்டது. அன்று பௌர்ணமியுமில்லை, அமாவாசையுமில்லை, டிசம்பருமில்லை.

திகதி, இடத்துக்கு இடமும் மாறும். துருக்கியின் எர்சிஞ்சான் நகரை 1939இல் அழித்து முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்ற அதிர்ச்சி, அந்நாட்டுக் கடிகாரப்படி டிசம்பர் 27 அதிகாலை 1.57க்கு நிகழ்ந்தது. கிரீனிச்சு நேரப்படி அது 26ஆந் திகதி நள்ளிரவுக்கு மூன்று நிமிடம் முன்னராகும். வேண்டுமென்போர் இதனையும் டிசம்பர் 26இற் சேர்த்துத் தம் பட்டியலை நீட்டலாம், வேண்டாமென்போர் நீக்கலாம். பட்டியல் தயாரிப்போரின் விருப்பத்துக்கு இவ்வாறு வளைந்துகொடுக்கும் ஒன்றை இயற்கையின் விதி எனல் எங்ஙனம்?

இங்கே எளிய கணக்கு ஒன்று உதவும். 7 என்னும் அளவையும் அதற்கு மேற்பட்ட அளவையும் உடைய பூமியதிர்ச்சிகள் உலகில் ஆண்டொன்றுக்குச் சராசரி பதினைந்து நிகழ்கின்றன. நூறாண்டில் ஆயிரத்தைந்நூறு. இவற்றை 365 திகதிகளுக்குப் பங்கிடின் ஒவ்வொரு திகதிக்கும் நான்கு வருகின்றன. பாம் நகரை வீழ்த்தியது 6.6 அளவினதே, அத்தகைய சிறியவற்றையும் சேர்ப்பின் தொகை பன்மடங்காகும். பெரும் அதிர்ச்சி நிகழாத திகதியைத் தேடிக் கண்டால்தான் வியப்பு. மாணவர் இதனை நம்ப மறுத்தமையால் வகுப்பிலேயே ஒரு சோதனை செய்தோம். இருபத்துமூன்று பேர் கூடிய இடத்தில் எவரேனும் இருவர்க்குப் பிறந்த திகதி ஒன்றாயிருத்தற்கு வாய்ப்புச் சரிபாதிக்குச் சற்று மேல். நாற்பது பேர் கூடின் நூற்றுக்கு எண்பத்தொன்பது. நாற்பது பேரை 365 திகதிகளிற் பரப்பினால் இடிபடாது என்றே எவரும் எண்ணுவர். ஆனால் நாற்பது பேரை இருவர் இருவராகச் சேர்க்கும் வழிகள் 780 என்பதை மறந்துவிடுகின்றோம். எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். ஒரே திகதியிற் பிறந்தவர் ஒரு சோடியல்ல, இரண்டு சோடி கிடைத்தனர். அவ்விரண்டாஞ் சோடியினர் மூன்றாண்டாக ஒரே வாங்கில் அமர்ந்திருந்தும் அன்றுதான் அதை அறிந்தனர்!

நினைவு நாளைப் பற்றியும் ஒரு சொல். நம் கடற்கரை ஊர்களில் இந்துக் குடும்பங்கள் பல, திகதிப்படி ஒருமுறையும் திதிப்படி ஒருமுறையும் இறந்தோரை நினைக்கின்றன. திதி ஆண்டுதோறும் இடம் பெயரும். அந்த மார்கழிப் பௌர்ணமி 2007இற் சனவரி 3ஆந் திகதிக்கு நகர்ந்தது. 2015இல் நத்தார் தினமாகிய டிசம்பர் 25இல் வந்தது. ஆனால் 2023இல் ஓர் அரிய கூட்டம் நேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் 26ஆந் திகதியே உந்துவப் போயா தினமாயிற்று. பத்தொன்பது ஆண்டு அலைந்த திதி திகதியுடன் மீண்டும் வந்து பொருந்திற்று. இதிலும் மாயம் யாதுமில்லை. பத்தொன்பது ஞாயிற்றாண்டுகளுக்கு 6,939.6 நாட்கள், 235 திங்கள் மாதங்களுக்கு 6,939.7 நாட்கள். வேறுபாடு சில மணி நேரமே. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்சு நகர் வாழ்ந்த மெத்தோன் என்பார் பெயரால் இச்சுற்று வழங்குகின்றது. ஒருவர் தமது பத்தொன்பதாம் பிறந்தநாளில் வானத்தை நோக்கின், தாம் பிறந்த இரவின் பிறையையே ஏறக்குறையக் காண்பார். ஹிஜ்ரி ஆண்டு திங்களை மட்டும் பின்பற்றி 354 அல்லது 355 நாளில் முடிவதால், முஸ்லிம் சகோதரர்க்கு அந்நாள் ஆண்டுக்குப் பதினொரு நாள் வீதம் முன்னேறி, முப்பத்துமூன்று ஆண்டளவில் ஒரு சுற்றை முடிக்கும். சுனாமி ஹிஜ்ரி 1425 துல்கஃதா மாதத்தில் நிகழ்ந்தது. துல்கஃதாவைத் திரும்ப டிசம்பரிற் காண்பதற்கு 2030களின் இறுதிப்பகுதி வரை காத்திருத்தல் வேண்டும். ஆயினும் மருதமுனையாரும் பாண்டிருப்பாரும் காரைதீவாரும் ஒருமித்து நிற்பதற்கு, எவர் சமயத்துக்கும் உரியதல்லாத டிசம்பர் 26ஐயே கொண்டுள்ளனர். ஒரே மணற்பரப்பிற் பக்கத்துப் பக்கத்தே அடங்கியோர்க்கு அதுவே பொருத்தமுமாகும்.

மனிதரே தெரிந்தெடுக்கும் ஒற்றுமைகளும் உள. 1947இல் மவுண்ட்பேட்டன் பிரபு இந்திய விடுதலைக்கு ஒகஸ்ட் 15ஐக் குறித்தது, அது சப்பான் சரணடைந்த இரண்டாம் ஆண்டு நிறைவு நாள் என்பதனாலேயே. அந்நாள் ஆகாது எனச் சோதிடர் மறுத்தனர். நள்ளிரவிற் கூட்டத்தை வைப்பதால் இரு சாராரும் அமைதியுற்றனர். ஆங்கிலேயர்க்கு அது 15ஆந் திகதி, சூரியோதயத்தில் நாளைத் தொடங்குவோர்க்கு இன்னும் 14. முஸ்லிம் மக்களுக்கோ அவ்விரவு புனித ரமழானின் இருபத்தேழாம் இரவாயிற்று. பாக்கித்தான் தன் முதற் சுதந்திர முத்திரைகளில் 15 எனப் பொறித்துவிட்டுப் பின்னர் 14ஐக் கொண்டாடிவருகின்றது. ஒரே இரவை மூவர் மூன்று வகையாக எண்ணினர். ஒருவர் எண்ணிக்கையும் பிழையன்று. நாள் எப்பொழுது தொடங்குகின்றது என்பதிலேதான் வேறுபாடு. ஆங்கிலேயர்க்கு நள்ளிரவு, நமக்குச் சூரியோதயம், இஸ்லாமியர்க்குச் சூரியாத்தமனம். அவர்கள் வழக்கில் இரவு முந்தியது, பகல் பிந்தியது. திங்கட்கிழமை இரவெனின் ஞாயிறு மாலை மறைந்தபின் வரும் இரவையே குறிக்கும். சம்மாந்துறைச் சந்தையில் இதனால் நேரும் தடுமாற்றத்தை அவ்வூரின் அயலவராகிய வீரமுனையார் நன்கறிவர்.

இவ்வேறுபாட்டை யான் விளங்கிக்கொண்டது நூலிலிருந்தன்று. 1990ஆம் ஆண்டு ஒகஸ்ட் 12ஆந் திகதி, வீரமுனைச் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலில் அகதிகளாய்த் தங்கியிருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டனர். அப்பொழுது எனக்குப் பத்து வயது நிரம்பவில்லை. எங்கள் ஊரில் அத்திகதியைச் சொன்னாற் போதும். ஆண்டைச் சொல்ல வேண்டியதில்லை. அதே வேளை, ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம் மக்கள், குழந்தைகளும் கருவுற்ற தாய்மாரும் உட்பட, தத்தம் வீடுகளிற் கொல்லப்பட்டனர். இச்செய்தியை யான் பட்டப்படிப்புக்காகப் பழைய பத்திரிகைகளைப் புரட்டியபொழுதே முழுமையாக அறிந்தேன். ஏறாவூர் நிகழ்ச்சிக்குச் சில ஏடுகள் ஒகஸ்ட் 11 என்றும், சில ஒகஸ்ட் 12 என்றும் திகதியிட்டிருந்தன. எவரோ தவறிழைத்தனர் என்று கருதி, எது சரியெனத் தீர்மானிக்க முயன்றேன். 11ஆந் திகதி இரவு தொடங்கிய துயரம் அது. நள்ளிரவில் நாளை முறிப்போர்க்கு அவ்விரவு இரு திகதிகளிற் கிடக்கும். சூரியோதயத்தை எல்லையாகக் கொள்ளும் நம் பஞ்சாங்கப்படி அது முந்திய நாளைச் சேரும். ஆகவே ஏறாவூரின் நாள் வேறு, வீரமுனையின் நாள் வேறு என்று கணக்கை முடித்துவிடலாம். பல ஆண்டுகள் யானும் அவ்வாறே முடித்துவைத்திருந்தேன்.

ஹிஜ்ரிக் கணக்கில் அவ்வாறு முடிக்க இயலாது. அக்கணக்கில் 11ஆந் திகதி சூரியன் மறைந்தவுடன் புதிய நாள் பிறந்துவிடுகின்றது. அந்நாள் 12ஆந் திகதி மாலை வரை நீள்கின்றது. ஏறாவூரின் அவ்விரவும் வீரமுனையின் அப்பகலும் 1411ஆம் ஆண்டு முஹர்ரம் மாதத்தின் ஒரே நாள். ஒவ்வோர் ஆண்டும் ஒகஸ்ட் 12இல் எங்கள் கோயிலில் விளக்கேற்றிப் பெயர்களை வாசிக்கின்றனர். ஏறாவூரில் அதே திகதியைச் சுஹதாக்கள் தினமாக நினைவுகூர்ந்து, கூடிப் பிரார்த்திக்கின்றனர்.